900 மணி நேரம்: பள்ளியில் படித்த ஆங்கிலம் ஏன் வாயில் வருவதில்லை?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கிராமத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தே பணிக்காலம் முழுவதையும் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து வைத்த அறக்கட்டளை இது. மொழிக்கல்வி பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும், ஆங்கிலத்திலோ தமிழிலோ பேசலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. நான் தமிழில் பேசுகிறேன். இன்றைய செய்தி பின்வரிசையில் இருக்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கும், அவர்களைக் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோர்களுக்கும் போய்ச் சேர வேண்டியது.

1. ஒரு கணக்கு

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 7 ஆண்டுகள். ஆண்டுக்கு 200 பள்ளி நாள், நாளுக்கு 40 நிமிடம் ஆங்கிலப் பாடவேளை என்று குறைத்தே கணக்கிடுவோம். ஆண்டுக்கு 133 மணி நேரம் வருகிறது. 7 ஆண்டுகளுக்கு 900 மணி நேரத்தைத் தாண்டுகிறது. தொடக்கப் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை இதில் சேர்க்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். ஐரோப்பாவில் மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் நான்காவது படியான ‘பி2’வில் இருப்பவர், தமக்குத் தெரிந்த துறையில் ஒரு கட்டுரையின் சாரத்தைப் பிடித்துக்கொள்வார், ஆங்கிலேயர் ஒருவரிடம் பெரிய தடுமாற்றம் இல்லாமல் உரையாடுவார். ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து அந்தப் படிக்கு வர, ஆசிரியர் வழிகாட்டலில் 500 முதல் 600 மணி நேரம் ஆகும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனம் மதிப்பிடுகிறது.

நம் பிள்ளைகள் அதைவிட ஒன்றரை மடங்கு நேரம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் வேலைக்கான நேர்முகத்தில் “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்றதும் மனப்பாடம் செய்த நாலு வரி வருகிறது, ஐந்தாவது வரி வருவதில்லை. பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைத் தேடி ஓடுகிறார்கள். ‘30 நாளில் ஆங்கிலம்’ என்கிறது பலகை. நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 30 மணி நேரம். 900 மணி நேரத்தில் வராததை 30 மணி நேரம் எப்படிக் கொண்டுவரும்?

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 900 மணி நேரம் எங்கே போயிற்று என்பதுதான். ஆசிரியர் பாடத்தை வாசிக்கிறார். வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்கிறார். கேள்விக்கான விடையைக் கைடில் அடையாளம் காட்டுகிறார். மாணவர் அதை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் இறக்கிவைக்கிறார். ஆண்டு முழுவதும் சுற்றிச் சுற்றி வந்தது ஒரே ஒரு பாடப்புத்தகம். வகுப்பில் 40 பேர் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காமல் முழுப் பாடவேளையையும் விட்டுக்கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் பேசக் கிடைக்கும். டென்ஸ், பாஸிவ் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்று ஆங்கிலத்தைப் பற்றிய செய்திகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆங்கிலம் கிடைத்ததோ மிகக் கொஞ்சம்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு செய்திதான். புரியும்படியான ஆங்கிலத்தை ஏராளமாகப் படித்தும் கேட்டும், அதைக்கொண்டு ஏதாவது ஒரு காரியம் செய்தும்தான் ஆங்கிலம் வரும். மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

2. தமிழ் நாவுக்கு எங்கே தட்டுகிறது

தமிழ் பேசுகிறவர் ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்கள் தற்செயலானவை அல்ல. ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: “நேற்று சந்தையில் நான் வாங்கிய மாம்பழம் புளித்தது.” எப்போது, எங்கே, யார், என்ன செய்தது என்பதெல்லாம் மாம்பழத்துக்கு முன்னால் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் இதைச் சொன்னால், “த மேங்கோ ஐ பாட் இன் த மார்க்கெட் யெஸ்டர்டே வாஸ் சவர்.” மாம்பழம் முதலில் வந்து நிற்கிறது. நான் வாங்கிய, சந்தையில், நேற்று என்று மற்றவை அதன் பின்னால் தலைகீழ் வரிசையில் வருகின்றன. தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே போகிறவர், வாக்கியத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் புரட்டிப் போட வேண்டியிருக்கிறது. எதிரே ஆள் காத்திருக்கும்போது அது நடக்கிற காரியமா?

வினைச்சொல்லிலும் இதே சிக்கல்தான். “நான் நாளைக்கு ஊருக்கு…” என்று தொடங்கிய பிறகும் தமிழில் நமக்கு அவகாசம் உண்டு. போகிறேன், போகவில்லை, போகலாமென்று இருக்கிறேன், போனாலும் போவேன் என்று எதை வேண்டுமானாலும் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலமோ இரண்டாவது இடத்திலேயே வினையைக் கேட்கிறது. இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடச் சொல்கிறது. “ஐ…” என்று தொடங்கிய மாணவர் அந்த இடத்தில்தான் விக்கி நிற்கிறார். அவருக்குச் சொல்வளம் குறைவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் வினையை முடிவு செய்யக் கொஞ்சம் நேரம் கேட்கிறார். “ஐயாம் தின்கிங் ஆஃப்”, “ஐ வாஸ் அபவுட் டு”, “ஐ டோன்ட் தின்க் ஐ கேன்” போன்ற வாக்கியத் தொடக்கங்கள் யோசிக்காமலே வாயில் வரும்படி பழகியிருந்தால், அந்த இடத்தைச் சிரமமில்லாமல் கடந்துவிடலாம்.

அடுத்தது காது. தமிழில் ஒவ்வோர் அசையும் ஏறக்குறையத் தெளிவாக ஒலிக்கிறது. ஆங்கிலம் ஓர் அசையை அழுத்தி மற்றவற்றை விழுங்கும். புத்தகத்தில் ‘கம்ஃபர்டபிள்’ என்று எழுத்தெண்ணிப் படித்த சொல், பேச்சில் ‘கம்ஃப்டபிள்’ என்று ஓடிவிடுகிறது. ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ ஆகிறது. கண்ணுக்குப் பழகிய சொல்லைக் காது அடையாளம் காணவில்லை. “வேகமாகப் பேசுகிறார்கள், புரியவில்லை” என்று மாணவர்கள் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். படித்துக்கொண்டே அதே பகுதியைக் காதாலும் கேட்பது இதற்கு நல்ல மருந்து. லண்டன்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை. அழுத்தம் விழ வேண்டிய அசையில் விழுந்தால் போதும், உலகத்தில் யாருக்கும் நம் ஆங்கிலம் புரியும்.

மூன்றாவதாக ஒரு சின்ன ‘எஸ்’. “ஷி கோ டு ஸ்கூல்” என்று எழுதியதற்காக எத்தனை தலைமுறை குட்டு வாங்கியிருக்கிறது! ஹைடி டூலே, மரீனா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில், ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளையும் சீன மொழி பேசும் குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். தாய்மொழி வேறுவேறாக இருந்தும், ஆங்கிலத்தின் சில இலக்கணக் கூறுகள் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வசப்பட்டன. ‘ஐஎன்ஜி’ முந்தி வருகிறது; ‘ஷி கோஸ்’ என்பதில் உள்ள ‘எஸ்’ பிந்தித்தான் வருகிறது. விதியை அறிந்திருந்தாலும் வாய் அதைக் கைக்கொள்ள நாளாகும். நம் மொழியில் இல்லாத ‘எ’, ‘த’ போன்ற சொற்களும் அப்படியே. ஆங்கிலத்தில் நன்கு எழுதுகிறவர்களே அங்கே சறுக்குவார்கள். இவற்றைச் சரிசெய்துவிட்டுப் பேசலாம் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

3. நம் பக்கத்தில் நடந்த சோதனைகள்

இதற்கெல்லாம் வழி தேடியவர்கள் தொலைதூரத்தில் இல்லை. ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் முக்கியமான சில சிந்தனைகள் இந்தியப் பள்ளிகளில்தான் பிறந்தன.

அன்று இந்தியாவில் இருந்த டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களைப் பற்றி 1926இல் ஒரு விரிவான நூல் வெளியிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் சில ஆண்டுகளிலேயே பள்ளியை விட்டு நின்றுவிடுவதை அவர் கவனித்தார். அப்படி நடுவில் நிற்கிற பிள்ளையின் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டார். அதற்கு அவர் கையாண்ட சொல் ‘சரண்டர் வேல்யூ’. எல்ஐசி பாலிசி எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாதியில் கட்டுவதை நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதுதான் கேள்வி. பாதியில் நின்ற இலக்கணத்துக்கும் அரைகுறைப் பேச்சுக்கும் மதிப்பு ஒன்றும் இல்லை. எளிய புத்தகம் ஒன்றைத் தானாகப் படிக்கத் தெரிந்துவிட்டால் அது கடைசிவரை கைகொடுக்கும். ஆகவே வாசிப்பை முன்னால் வையுங்கள் என்றார். அடிக்கடி வரும் சொற்களை மட்டும் கொண்டு வாசிப்பு நூல்கள் எழுதினார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களைக் கொண்டே பொருள் விளக்கியது. 1953இல் வந்த அவருடைய பொதுச்சொல் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். இன்றும் ஆரம்பநிலை வாசிப்பு நூல்களுக்கு அந்த வழிதான் அடிப்படை.

அடுத்து நம் சென்னை. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய இயக்கம் தொடங்கியது. ஆரம்ப நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுப்பது அதன் நோக்கம். சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மேலும் சிலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருக வேண்டும் என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளைக் காட்டி, செய்துகாட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது முறை. “ஐயாம் வாக்கிங் டு த டோர்” என்று சொல்லிக்கொண்டே கதவருகே நடந்துபோன ஆசிரியர்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். வெறும் மொழிபெயர்ப்பிலிருந்து வகுப்பைப் பேச்சுக்குத் திருப்பிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் வகுப்பில் பிழையில்லாமல் சொன்ன வாக்கியம் வெளியே தேவைப்பட்ட நேரத்தில் வரவில்லை. நடப்பது கண்ணுக்குத் தெரியும்போது, நடக்கிறேன் என்று யாருக்காகச் சொல்ல வேண்டும்?

இந்த மனக்குறையிலிருந்து பிறந்ததுதான் என். எஸ். பிரபுவின் திட்டம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். உலகம் முழுதும் இன்று ‘பெங்களூர் திட்டம்’ என்று பேசப்படுவது அதுதான். மாணவரின் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே படிகிறது என்பது அவர் கருத்து. எனவே இலக்கணப் பாடத்திட்டமே இல்லை. நாளுக்கு ஒரு வேலை மட்டும் உண்டு.

அந்த வேலை எப்படி இருக்கும்? ரயில் கால அட்டவணையை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் சென்னையிலிருந்து திருச்சி போகும் மூன்று வண்டிகளும் அவற்றின் நேரங்களும் இருக்கின்றன. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசுகிறார். எந்த வண்டி முதலில் புறப்படுகிறது? எது விழுப்புரத்தில் அதிக நேரம் நிற்கிறது? விடை ஒரு சொல்லாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறார். தமிழில் வந்தால் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போகிறார். பிறகு தாளைக் கொடுக்கிறார். ஒருவர் மாலை 5 மணிக்குத் திருச்சியில் ஒரு திருமணத்தில் இருக்க வேண்டும். நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு அரை மணி நேரம். காலை 10 மணிக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. எந்த வண்டி? ஏன்? வகுப்பு தலையைக் குனிந்து கணக்குப் போடுகிறது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘டூ லேட்’, ‘இஃப் ஹி டேக்ஸ்’ எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துபோகின்றன. யாரும் அவற்றைப் பாடமாக எடுக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையைச் சரியாகச் செய்தால் அந்த வேலை அந்த வகுப்புக்குப் பொருத்தமானது என்று பிரபு ஓர் அளவுகோலும் வைத்திருந்தார்.

1985இல் வெளிவந்த மதிப்பீடு ஒரு பாடம் சொல்கிறது. மொழியைப் பயன்படுத்தும் சோதனைகளில் திட்ட வகுப்பு மாணவர்கள் முன்னே நின்றார்கள். வாக்கிய அமைப்பைச் சோதித்த தாளில் வழக்கமான வகுப்பு மாணவர்கள் முன்னே நின்றார்கள். எதைப் பழகினார்களோ அதில் தேறினார்கள். நம் தேர்வுத்தாள் மனப்பாடத்தைக் கேட்கும்வரை நம் வகுப்பு மனப்பாடத்தைத்தான் வளர்க்கும். ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை.

4. எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது

“தினமும் ஹிந்து பேப்பர் படி, இங்கிலீஷ் தானா வரும்” என்று சொல்லாத பெரியவர் தமிழ்நாட்டில் உண்டா? படிக்கச் சொன்னது சரிதான்; எங்கே தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

சொல்லறிவை ஆராய்ந்த நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் ஒரு கணக்குக் கொடுத்தார். நாவலையும் செய்தித்தாளையும் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டால், 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. அடிக்கடி வரும் 2,000 மட்டும் தெரிந்தவருக்குச் செய்தித்தாளில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் தெரியும். 80 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 100 சொல் கொண்ட ஒரு பத்தியில் 20 சொல் தெரியாது என்று அதற்குப் பொருள். வரிக்கு இரண்டு இடத்தில் அகராதியைப் புரட்டிக்கொண்டு தலையங்கம் படிக்கத் தொடங்கிய பிள்ளை, நாலாம் நாள் பேப்பரை மடித்துவைத்துவிடும். நேற்று இரவு முழு ஆட்டத்தையும் பார்த்த பிள்ளையிடம் கிரிக்கெட் பக்கத்தைக் கொடுங்கள். யார் எத்தனை ரன், எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது என்பதெல்லாம் முன்பே தெரியும். தெரியாத சொல்லுக்கும் இடம் பார்த்துப் பொருள் சொல்லிவிடும். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கியவர் ஒருநாள் தலையங்கத்துக்கு வந்துசேர்வார்.

இன்னும் கீழிருந்து தொடங்க வேண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. டிங்கிள், அமர் சித்ர கதா இருக்கின்றன. 250 அடிப்படைச் சொற்களில் தொடங்கி 2,500 வரை படிப்படியாக ஏறும் ஆக்ஸ்ஃபோர்டு கதை வரிசை இருக்கிறது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் நிலைவாரியாகப் பிரித்த படக்கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர் குழந்தைக் கதை படிப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல் மட்டும் தெரியாத புத்தகமே இன்று உங்களுக்கான புத்தகம்.

வாசிப்பால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பாரதி நினைத்துப் பாடிக் கண்ணீர் வடித்த பிஜித் தீவில், கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த பிள்ளைகளும் தீவின் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கும் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், 1980இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், படம் போட்டவை, பிள்ளைகள் விரும்பிப் படிக்கக்கூடியவை. சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களாக வாசித்தார்கள்; சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக்காட்டிப் பேசவைத்தார். முதலாண்டு முடிவில், புத்தகம் பெற்ற வகுப்புகளின் வாசிப்பு முன்னேற்றம் வழக்கமான வகுப்புகளைப் போல் இரண்டு மடங்காக இருந்தது. இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் இலக்கணத்திலும் அந்தப் பலன் பரவியது. இலக்கணத்தைத் தனிப் பாடமாக அதிகமாக நடத்தியதால் வந்த பலன் இல்லை இது. கதை படித்த பிள்ளைகளுக்கு இலக்கணமும் சேர்ந்தே வந்தது.

நம் ஊரிலிருந்தும் ஒரு சான்று. ஆங்கிலத்தில் மால்குடி கதைகளை எழுதிய ஆர். கே. நாராயண் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறினார். அடுத்த ஓராண்டை வீட்டில் வாசித்தும் எழுதியும் கழித்தார்; 1926இல் தேறி மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். தேர்வு தள்ளிவைத்த அந்த ஆண்டில் அவர் செய்த வேலைதான், பின்னாளில் அவரை மால்குடிக்குக் கொண்டுசேர்த்தது என்பது என் எண்ணம்.

5. வாயும் வெட்கமும்

வாசிப்பு மட்டும் போதுமா? போதாது. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தும் பள்ளிகள் உண்டு. பல ஆண்டுகள் அப்படிப் படித்த பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் பிழைகள் நீங்கவில்லை. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985இல் இதற்குக் காரணம் சொன்னார். கேட்கும்போது இலக்கணத்தைக் கவனிக்காமலே பொருளைப் பிடித்துவிடலாம். சொல்லும்போதுதான் எது தெரியவில்லை என்பது நமக்கே தெரிகிறது. பேசவும் எழுதவும் வேண்டியிருந்தால்தான் அந்தக் குறை நிரம்பும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தடை குறுக்கே நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் தப்பாகப் பேசினால் சிரிக்கிறோம். சரியாகப் பேசினால் “பீட்டர் விடுறான்” என்கிறோம். இரண்டு பக்கமும் அடி விழும் இடத்தில் யார்தான் வாயைத் திறப்பார்கள்? மொழி வராததற்குப் பாதிக் காரணம் இந்தக் கேலிதான் என்று நான் துணிந்து சொல்வேன். இந்தக் கேலி பெரும்பாலும் சக மாணவர்களிடமிருந்தே வருகிறது. ஆகவே மருந்தும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆசிரியர் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றியோ, பார்த்த படத்தைப் பற்றியோ முதல் நண்பரிடம் 4 நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதே செய்தியை இரண்டாமவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில் சொல்லுங்கள். யாரும் குறுக்கே திருத்தக் கூடாது. முதல் முறை தேடித் தேடிப் பிடித்த சொற்கள் மூன்றாம் முறை தாமாக வரிசையில் வந்து நிற்கும். 4-3-2 என்று ஆசிரியர்கள் சொல்லும் பயிற்சி இது. செலவு ஒன்றும் இல்லை. கேலி செய்யாத மூன்று பேர் கிடைத்தால் போதும்.

சொற்களை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் நல்லது. ஆனால் எழுதிய அன்றே பாதி பறந்துவிடும். மறதியைத் தம்மையே வைத்து அளந்த ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே இதை எழுதிவைத்தார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு அதே பக்கத்தைப் புரட்டுங்கள். ஒரே இரவில் உருப்போடுவதைவிட இது நின்று பயன் தரும்.

6. தமிழ் தடையாகுமா?

வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்து அந்த அச்சத்தை மறுக்கிறது. ஒரு பத்தியின் கருத்தைச் சுருக்குவது, காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்ப்பது, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது போன்ற திறமைகளை ஒரு மொழியில் பெற்றவர் இன்னொரு மொழிக்கும் எடுத்துச்செல்கிறார். தமிழில் ஒரு கதையைப் படித்துத் தன் சொல்லில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வேண்டியது ஆங்கிலம் மட்டுமே. தமிழிலும் படிக்க வராத பிள்ளையை ஆங்கில வழியில் உட்காரவைத்தால், அதற்கு வாசிப்பும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் பாரமாகின்றன.

ஆங்கில வழி வகுப்புகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், தேர்வு மனப்பாடத்தில். தமிழில் விளக்குவது குற்றமே இல்லை. பிரபுவின் வகுப்பிலும் பிள்ளைகள் தாய்மொழியில் பேசத் தடை இருக்கவில்லை. விளக்கியதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் விடுவதுதான் குறை.

அகராதியும் அப்படித்தான். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி, சொல்லுக்குப் பொருள் தரும். அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி வைப்பது என்பதற்கு ஏ. எஸ். ஹார்ன்பியின் வழிவந்த அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது, அயல்மொழிக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அவர் தொகுத்தது அது. 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக உலகத்துக்கு வந்தது. ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. இரண்டும் மேசைமேல் இருக்கட்டும்.

7. செய்ய வேண்டியவை

எது சிறந்த முறை என்று கேட்பீர்கள். சிறந்த முறை என்று ஒன்று இல்லை, ஏன் இல்லை என்றே பிரபு 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு முறை தமக்கு ஏன் பலிக்கிறது என்று யோசித்துக் கற்பிக்கும் ஆசிரியரின் வகுப்பு உயிரோடு இருக்கும் என்பது அவர் முடிவு. எனவே முறையைப் பற்றிச் சண்டை வேண்டாம். நான் கேட்பது மூன்றே காரியங்கள்.

பள்ளிகளுக்கு: வாரத்தில் ஐந்து ஆங்கிலப் பாடவேளை இருந்தால், ஒன்றை முழுக்க வாசிப்புக்கு விட்டுவிடுங்கள். கேள்வி-பதில் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். இன்னொன்றில் ரயில் அட்டவணை, ஊர் வரைபடம், மளிகைக் கடைச் சிட்டை என்று ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள். மற்ற மூன்றும் பாடப்புத்தகத்துக்கே இருக்கட்டும். 7 ஆண்டுகளில் 370 மணி நேரம் மீண்டும் மொழியின் கைக்கு வந்துவிடும்.

நூலகங்களுக்கு: 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சிற்றூர்க் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் எளிய ஆங்கிலக் கதைகளுக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். இந்த அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை இந்த வட்டாரத்தின் ஒரு பள்ளிக்கு இப்படிப்பட்ட புத்தகங்கள் வாங்கச் செலவிட முடியுமா என்று நிறுவியவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். பிஜியில் வகுப்புக்கு 250 புத்தகம் வைத்தார்கள். நாம் 100இல் தொடங்கலாம்.

மாணவர்களுக்கு: நாளுக்கு அரை மணி நேரம் உங்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தைப் படியுங்கள் அல்லது கேளுங்கள்; பத்து நிமிடம் பேசுங்கள் அல்லது எழுதுங்கள். ஓராண்டில் இது 240 மணி நேரத்தைத் தாண்டும். பள்ளி கொடுத்ததற்கு மேல் நீங்களே சேர்த்துக்கொண்ட நேரமாக அது இருக்கும். பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசினால், அவர் முடிக்கும்வரை பொறுத்துக் கேளுங்கள். நாளைக்கு உங்கள் முறை வரும்போது அவர் கேட்பார்.